இரண்டு வீட்டுக் கிரைண்டர்

வட்டவளை
12.01.2025

ஜொய்சிக்கு,

நான் நலம். உன் நலம் இங்கே யாரும் கேட்காமலே வந்து சேர்ந்துவிடுகிறது. உன் மகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தன்று என் நம்பரை நீ போனில் அடைத்துப் போட்டதால், இந்த வயதில் நான் பேனா பிடிக்க வேண்டியதாகிவிட்டது. ஹற்றன் மார்க்கெட்டில் மரக்கறி விற்கும் செல்லசாமி அண்ணன் கையில் கொடுத்துவிடுகிறேன். பதில் இருந்தால் அவரிடமே கொடு.

உன் புருசன், என் தம்பி றொக்சன், கட்டாரிலிருந்து எனக்கு ஒரு கிரைண்டர் அனுப்புவதாகச் சொல்லியிருந்தான். தேயிலைக் கொழுந்து பறித்துப் பறித்து என் மணிக்கட்டு போய்விட்டது, அம்மியில் தேங்காய்ச் சம்பல் அரைக்க முடிவதில்லை. "இனி அம்மிக்கு லீவு குடுங்கக்கா" என்றான். கார்கோவில் பெட்டி வந்தது. திறந்தால் பிள்ளைகள் விளையாடுகிற சாமான் மாதிரி ஒன்று. தலையில் ஒரு புனல், கீழே ஒரு கிண்ணம். தேங்காய்ப்பூ போட வழியில்லை. காய்ந்த மிளகாயைப் போட்டால் முக்கிக்கொண்டு நின்றுவிடுகிறது.

அதே கிழமை உன் வீட்டுக்கும் ஒரு பெட்டி வந்ததாமே. மூன்று ஜாடியோடு பெரிய கிரைண்டராம். செல்லசாமி அண்ணனின் மனைவி உன் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். எனக்கு எலும்பு, உனக்குக் கறியா? தம்பிக்கு இப்படிப் பங்கு பிரிக்கத் தெரியாது. நீதான் சொல்லிக் கொடுத்திருப்பாய்.

யூஜினா


ஹற்றன்
19.01.2025

மதினிக்கு,

'அன்புள்ள' என்று தொடங்க வேண்டுமென்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். பொய் எழுதக் கூடாதென்றும் அங்கேதான் சொல்லித் தந்தார்கள். ஆகவே வெறும் மதினிக்கு.

என் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்க்க ஆள் வைத்திருக்கிறீர்கள். நல்லது. அப்படியே இதையும் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே வந்த கிரைண்டர் சம்பலுக்கு வந்ததல்ல, கோப்பிக்கு வந்தது. போன லீவில் உங்கள் தம்பி ஒரு எஸ்பிரெசோ மெசின் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். கோப்பித்தூளை இறுக்கி அடைத்து, கொதிநீரை அழுத்தி, ஒரு மிடறு மட்டும் இறக்குகிற மெசின். கட்டாரில் அவருக்கு அதுதான் வேலை.

திம்புள்ளப் பக்கம் விடுதி நடத்தும் சிங்கள ஐயா, மாத்தயா ஒருவர் சித்திரை வருசத்துக்கு முன் வந்து என் கோப்பியைக் குடித்துப் பார்க்கப் போகிறார். பிடித்துவிட்டால் அந்த விடுதியின் கோப்பி முழுக்க என் பொறுப்பு. அது கிடைத்தால் கட்டார் வேலைக் கொந்தராத்தைப் புதுப்பிக்காமல் ஜூனில் ஊருக்கே வந்துவிடுவதாக உங்கள் தம்பி சொல்லியிருக்கிறார். என் பகட்டுக்காகத்தான் அவர் கடல் தாண்டினார் என்று விருந்து வீட்டில் நாலு பேர் முன்னால் சொன்னீர்களே, அந்த வாயை அடைக்க எனக்கு இந்தக் கோப்பி சரியாக வந்தாக வேண்டும்.

வரவில்லை. அவர் தான் வேலை செய்யும் கோப்பிக் கடையில் அரைத்துக் கொண்டுவந்த தூள் இருந்தவரை நன்றாக வந்தது. இப்போது கொட்டையை நானே அரைக்கிறேன். புளிக்கிறது, அதே மிடற்றில் கசக்கவும் செய்கிறது. போனில் கேட்டால், "அரைப்பு சரியில்ல, நம்பரைக் குறைச்சுப் பாரு" என்கிறார். கிரைண்டரில் மூன்று நம்பர் இருக்கிறது. மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்தேன், இரண்டிலிருந்து ஒன்றுக்கு வந்தேன். குறைக்கக் குறைக்க இன்னும் மோசம். யார் கண் பட்டதென்று இப்போது விளங்குகிறது.

ஜொய்சி


வட்டவளை
02.02.2025

ஜொய்சிக்கு,

கோப்பி புளித்தால் என் கண், புருசன் தூரம் போனால் என் வாய். அடுத்ததாக ஹற்றனில் மழை பெய்தாலும் என்னைத்தான் சொல்வாய். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். உனக்கு பிளேன்டீயே ஒழுங்காக ஊற்ற வராது.

மூன்று நம்பர் போதவில்லையா உனக்கு? எனக்கு வந்த சாமானின் கழுத்தில் ஒரு வளையம், அதில் முப்பது வரைக்கும் நம்பர். முப்பது வேகத்தில் ஓடுமோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வேகம் மாறவில்லை, தூள்தான் மாறுகிறது. பெரிய நம்பரில் குறுணல், சின்ன நம்பரில் மா. யாருக்கு வேண்டும் இந்த வித்தை?

மல்லி மட்டும் நன்றாக அரைக்கிறது, அதை மறைக்கமாட்டேன். கடையில் வாங்குகிற தூள் தோற்றுப்போகும். ஒன்று பெரிசு ஒன்று சின்னது என்றில்லாமல் எல்லாம் ஒரே அளவாக விழுகிறது. எங்கள் தோட்டத்து லய வரிசையில் பக்கத்துக் காம்பராப் பேச்சியம்மாவும் மல்லி கொண்டுவந்து அரைத்துக்கொண்டு போகிறாள். ஆனால் ஒரு பிடிக்குமேல் கொள்ளாது. "கிரைண்டர் சின்னதா இருக்கேடா" என்று தம்பியிடம் சொன்னேன். "போகப் போகப் பழகிரும்க்கா" என்றான். உன்னிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறானோ.

யூஜினா


ஹற்றன்
03.02.2025

மதினி,

மல்லியை நிறுத்துங்கள். இதைப் படித்து முடிக்கும் முன் எழுந்துபோய் அந்தப் பிளக்கைக் கழற்றுங்கள்.

முப்பது நம்பர், ஒரே அளவு தூள் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் உங்கள் தம்பியைக் கூப்பிட்டேன். "கோப்பி கிரைண்டருக்கு எத்தனை நம்பர்?" என்று கேட்டேன். "முப்பது" என்றார். "ஜாடி எத்தனை?" என்றேன். "ஜாடியா? கோப்பிக்கு எதுக்கு ஜாடி?" என்றார்.

நடந்தது இதுதான். இரண்டு பெட்டிக்கும் கார்கோத் துண்டில் உள்ளே இருப்பது 'கிரைண்டர்' என்று ஒரே சொல்லை எழுதிக் கொடுத்திருக்கிறார். அங்கே இருந்தவர்கள் துண்டை மாற்றி ஒட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு "கிரைண்டர் வந்துச்சா?" என்று நம் இருவரையும் கேட்டார். நாம் இருவரும் "வந்துச்சு" என்றோம். என்னிடம் இருப்பது உங்கள் சம்பல் கிரைண்டர். அதில்தான் இத்தனை நாள் கோப்பி அரைத்திருக்கிறேன். அதிலிருக்கும் ஒன்று, இரண்டு, மூன்று வெறும் வேகம். அவர் நம்பரைக் குறை என்றபோதெல்லாம் நான் வேகத்தைக் குறைத்திருக்கிறேன்.

ஜாடிக்குள் சுழல்வது கத்தி. அது கண்ட இடத்தில் வெட்டும். பாதி மாவாகும், பாதி குறுணலாக நிற்கும். மாவிலிருந்து கசப்பு இறங்கும். குறுணல் வழியே தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும், அதுதான் புளிப்பு. உங்களிடம் இருப்பதற்குள் இரண்டு பல்லுச் சக்கரங்கள் இருக்கின்றன. அவற்றின் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கத்தான் அந்த வளையம். நல்ல கோப்பிக்கு மெசினைவிட அதுதான் முக்கியம் என்கிறார் உங்கள் தம்பி. அதில் நீங்கள் மிளகாய் போட்டிருக்கிறீர்கள்!

உங்களுடையதைக் கழுவித் துடைத்துச் செல்லசாமி அண்ணனிடம் தருகிறேன். என்னுடையதை அவரிடமே கொடுத்தனுப்புங்கள். அத்தோடு முடிந்தது.

ஜொய்சி


வட்டவளை
16.02.2025

ஜொய்சிக்கு,

முடியவில்லை.

பெட்டி மாறியது கார்கோக்காரன் செய்த பிழை. அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. வாய் மாறியது யார் செய்த பிழை? விருந்தன்று மிஞ்சிய சோற்றில் ஒரு பார்சல் கட்டினேன். காய்ச்சலில் கிடந்த பேச்சியம்மாவுக்காக. நீ உன் அம்மாவிடம் திரும்பி, என் காதில் விழட்டும் என்றே சொன்னாய்: "லயத்துப் புத்தி எங்க போனாலும் போகாது."

உன் அப்பா கணக்கப்பிள்ளை ஆகும்வரைக்கும் நீங்களும் லயத்துக் காம்பராவில்தான் இருந்தீர்கள். மழைக்கு ஒழுகிய தகரத்துக்குக் கீழே என் அம்மா பிடித்த வாளியும் உன் அம்மா பிடித்த வாளியும் ஒன்றுதான். உனக்கு மறந்துபோயிருக்கலாம். எனக்கு மறதி குறைவு.

என் வாசலில் வந்து நின்று அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள். அப்படியே உன் கிரைண்டரையும் எடுத்துக்கொள். செல்லசாமி அண்ணன் கையில் மரக்கறி கொடுத்தனுப்பலாம், மானத்தைக் கொடுத்தனுப்ப முடியாது.

யூஜினா


ஹற்றன்
02.03.2025

மதினிக்கு,

வரமாட்டேன். அந்தச் சாமான் இல்லாமலே செய்து காட்டுகிறேன் என்றுதான் இருந்தேன்.

டவுன் மில்லில் அரைத்துப் பார்த்தேன். அந்தத் தூளை மெசினில் அடைத்தால் கோப்பையில் ஒரு பொட்டு விழவில்லை, மெசின் மூச்சு முட்டி நின்றது. உரலில் இடித்தேன். மண்ணும் கல்லும் கலந்தமாதிரி வந்தது. கடைசியில் ஜாடியில் அரைத்ததை ஒரு சல்லடையில் சலித்துக் குறுணலைத் தள்ளினேன், இன்னொன்றில் சலித்து மாவைத் தள்ளினேன். நடுவில் மிஞ்சிய கொஞ்சத்தை அடைத்தபோது, முதல்முறையாகப் புளிக்காமல் ஒரு கோப்பை இறங்கியது. அதைக் குடித்துவிட்டு நின்ற இடத்திலேயே அழுதேன். சந்தோசத்தில் இல்லை. ஒரு கோப்பைக்கு ஒரு காலைப்பொழுது போனால் விடுதிக்கு எப்படிக் கொடுப்பது?

நான் சொன்னதை எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால், நீங்கள் சொன்னதையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவரைக் கடல் தாண்டத் துரத்தியவள் நான் என்று சொன்னதை. உங்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?

ஜொய்சி


வட்டவளை
09.03.2025

ஜொய்சிக்கு,

அவன் ஊருக்கு வந்து இறங்கட்டும். அன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் ஒரு எழுத்துக்கூட எடுக்கமாட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன். ஓடைப் பக்கத்துப் பாதை வழுக்கும். ஹற்றன் செருப்போடு வந்து விழுந்துவிட்டு அதற்கும் என் கண்தான் என்று எழுதாதே.

யூஜினா


ஹற்றன்
17.03.2025

மதினிக்கு,

வந்தேன். வீட்டில்தான் இருப்பேன் என்று எழுதிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். மூன்று ஜாடிப் பெட்டியைத் தலையில் வைக்காத குறையாகத் தூக்கிக்கொண்டு உங்கள் வாசலில் நின்றேன். இரண்டு தரம் கூப்பிட்டேன். லயமே எட்டிப் பார்த்தது, உங்களைத் தவிர.

எல்லாருக்கும் விசயம் தெரியும், வேடிக்கை பார்க்கத்தான் நிற்கிறார்கள் என்று நினைத்தேன். சரி, கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். "அன்னைக்கு நான் சொன்னது தப்புங்க. யூஜினா மதினியை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

பேச்சியம்மா பிளேன்டீயும் கையுமாக வந்து, "என்னா சொன்னீங்க தாயி? எங்களுக்கு ஒன்னுமே தெரியாதே" என்றார்.

ஒருவருக்கும் தெரியவில்லை, மதினி. நீங்கள் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. அத்தனை பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தச் சொல்லை நானே மறுபடி சொல்ல வேண்டி வந்தது. சொன்னேன். பேச்சியம்மா கொடுக்க நீட்டிய கோப்பையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். மற்றவர்களும் உள்ளே போனார்கள்.

படியில் உர பேக்கில் சுற்றி என் கிரைண்டர் இருந்தது. உங்களுடையதை அங்கே வைத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் அழவில்லை. வீட்டுக்கு வந்துதான் அழுதேன். சொல்லியிருந்தால் நான் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்திருப்பேன். இப்படி மாட்டி வைப்பது என்ன புத்தி என்று கேட்க வருகிறது, கேட்கவில்லை.

ஜொய்சி


வட்டவளை
23.03.2025

ஜொய்சிக்கு,

கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். எல்லாம் கேட்டது. திறக்கத்தான் கையை வைத்தேன். நீ அவ்வளவு சத்தமாக ஆரம்பிப்பாய் என்று நினைக்கவில்லை.

என் வாசலில் சொல் என்றுதான் எழுதினேன், லயத்தைக் கூட்டிச் சொல் என்று எழுதவில்லை. நீ என்னைச் சொன்னதை இங்கே வந்து சொன்னால் யாருக்குக் கேவலம்? என் தம்பி பெண்டாட்டி எங்கள் எல்லாரையும் அப்படி நினைக்கிறாள் என்று நான் எந்த வாயால் சொல்வேன்? இவ்வளவு நாளும் வயிற்றுக்குள் வைத்திருந்தேன். நீ ஹற்றனிலிருந்து சுமந்து வந்து நடு வாசலில் கொட்டிவிட்டாய். பேச்சியம்மா என்னோடும் நாலு நாள் பேசவில்லை, ஏன் மறைத்தாய் என்று.

உன் கிரைண்டரில் பச்சரிசி போட்டு அரைத்துத்தான் வைத்தேன். மிளகாய் மில்லில் அப்படித்தான் காரம் எடுப்பார்கள். மல்லி வாசம் முழுசாகப் போனதா என்று தெரியாது. ஜாடிக் கிரைண்டர் சம்பல் நன்றாக அரைக்கிறது. ஆனால் முதல் நாள் சம்பலில் கோப்பி வாசம். நாய்கூடத் தின்னவில்லை.

யூஜினா


ஹற்றன்
06.04.2025

மதினிக்கு,

பகையாளிக்கும் நல்ல செய்தி சொல்லலாம் என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் பச்சரிசி மா சக்கரத்தின் பல்லுக்குள் எல்லாம் ஏறி உட்கார்ந்திருந்தது. தண்ணீர் படக்கூடாதாம். கழற்றி, தூரிகையால் தட்டி, பழைய கொட்டையை அரைத்து அரைத்துக் கொட்டினேன். பிறகு வளையத்தைத் திருப்ப ஆரம்பித்தேன். பன்னிரண்டில் தண்ணீராக ஓடியது. ஆறில் சொட்ட மறுத்தது. எட்டில் தேன் வழிகிறமாதிரி மெதுவாக, தடிப்பாக இறங்கியது. மேலே செம்பழுப்பு நுரை. அதே மெசின், அதே கொட்டை, அதே தண்ணீர், அதே நான். குடித்தால் கசப்பு அதன் இடத்தில் நிற்கிறது, புளிப்பு பழம் தின்ற மாதிரி கொஞ்சமாக வந்து போகிறது. இத்தனை மாதம் என் கையில்தான் குறை என்று நினைத்திருந்தேன்.

மாத்தயா வந்தார். ஒரு மிடறு குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "மேக்கே கொத்தமல்லி தாலாத?" என்றார். இதில் மல்லி போட்டிருக்கிறதா என்று! "நே மாத்தயா" என்றேன். நம்பவில்லை. ஆனால் இன்னும் இரண்டு கோப்பை வாங்கிக் குடித்தார். மே மாதம் தொடங்கச் சொல்லிவிட்டார்.

அன்றைக்கே உங்கள் தம்பிக்குச் சொல்லிவிட்டேன். ஜூனில் அவர் வந்து இறங்குவார். நீங்கள் எடுத்துக்கொள்வதாகச் சொன்ன வார்த்தையைத் தயாராக வைத்திருங்கள். நானே ரயில் ஸ்டேசனுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்.

ஜொய்சி


வட்டவளை
20.04.2025
உயிர்த்த ஞாயிறு

ஜொய்சி,

பூசைக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன். நேற்று தம்பி எனக்குப் போன் எடுத்தான். அவன் சொன்னதை அப்படியே தருகிறேன், கூட்டிக் குறைக்கவில்லை.

"அக்கா, அவளுக்கு விடுதி வேலை கிடைச்சிருச்சு. இனி அங்க அவ சமாளிச்சுக்குவா. அதனால நான் இன்னும் ரெண்டு வருசத்துக்குப் போட்டுட்டேன். அவகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிருங்க. எனக்குச் சொல்லப் பயமா இருக்கு."

எனக்குப் பக்குவம் வராது. அவன் கையெழுத்துப் போட்டுவிட்டான். ஜூனில் வரமாட்டான்.

"கோப்பி நல்லா வந்தா வர்றேன்னு சொன்னியேடா" என்று கேட்டேன். "அப்படித்தான்க்கா நெனச்சேன்" என்றான். இரண்டு பெட்டிக்கும் ஒரே சொல்லை எழுதினவன். உன்னிடம் ஒன்று சொல்வான், என்னிடம் வேறொன்று சொல்வான், இரண்டும் கேட்க ஒரே மாதிரி இருக்கும். அவனைத் தூக்கி வளர்த்தவள் நான். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை மிளகாய்த் தட்டில் போட்டேன்.

நீ துரத்தி அவன் போகவில்லை. அவன் காலுக்கே போகத் தெரிந்திருக்கிறது. விருந்தன்று நான் சொன்னதை எடுத்துக்கொண்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், ஜொய்சி. சோற்றுப் பார்சல் கட்டிய என்னை லயத்துப் புத்தி என்றாயே. இவனுக்கு என்ன புத்தி என்று பெயர் வைப்பாய்?

யூஜினா


ஹற்றன்
27.04.2025

மதினி,

அவர் வந்து இறங்குகிற நாளில் எடுத்துக்கொள்வேன் என்றீர்கள். இறங்காத நாளில் எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு இது வேண்டியிருக்கவில்லை. அந்தப் பழியோடேயே இருந்திருப்பேன், அவர் வந்திருந்தால்.

பெயர் யோசித்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை. ஒரு கிழமையாக அவர் எனக்கு விடாமல் போன் எடுத்தார், 'அக்கா சொன்னாங்களா?' என்று செய்தி போட்டார். நான் பதில் போடவில்லை. நேற்றுக் காலை எட்டாம் நம்பரில் ஒரு கோப்பை இறக்கினேன். அவர் குடித்துப் பார்க்கவென்று எடுத்து வைத்திருந்த புதுக் கோப்பையில். நன்றாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

மே ஒன்றாம் தேதி விடுதியில் தொடங்குகிறேன். அதற்கு முன் ஒரு நாள் வந்து குடியுங்கள். உறவு கொண்டாடக் கூப்பிடவில்லை. இங்கே எல்லாரும் நல்லது நல்லது என்கிறார்கள். மல்லி வாசம் இன்னும் இருக்கிறதா என்று வாய்க்கு நேரே சொல்ல எனக்கு ஒரு ஆள் வேண்டும். பேச்சியம்மா வருவார் என்றால் கூட்டிக்கொண்டு வாருங்கள். வரமாட்டார் என்று தெரியும், இருந்தாலும் கேளுங்கள்.

உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். அது இருந்த இடத்தில் இப்போது அவர் நம்பர் இருக்கிறது. என்னோடு பேச வேண்டுமென்றால் அவரும் கடிதம் எழுதட்டும். செல்லசாமி அண்ணன் கட்டார் வரைக்கும் போவதில்லை.

ஜொய்சி